தயக்கத்துக்குப் பதில் சொல்லும் கடன்

தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர் தடுப்பூசிக்குத் தயங்கும்போது ஊசியை மட்டுமல்ல, தன் உடலையும் சேர்த்தே சந்தேகிக்கிறார். முடக்குவாதம், லூபஸ், சோரியாசிஸோடு வரும் மூட்டுவாதம் போன்ற நோய்களில், கிருமியை அடையாளம் கண்டு அழிக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுவையே அந்நியமென்று எண்ணித் தாக்குகிறது. முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வு வீங்கி எலும்பை அரிக்கிறது. லூபஸில் தோலிலிருந்து சிறுநீரகம் வரை எந்த உறுப்பும் பாதிக்கப்படலாம். சிகிச்சை என்பது பெரும்பாலும் அந்த மண்டலத்தை அடக்கி வைப்பதே. தடுப்பூசியோ அதே மண்டலத்தைத் தூண்டி வேலை வாங்குகிறது. "அடங்கிக் கிடக்கட்டும்னுதான் வாராவாரம் மாத்திரை போடுறேன், அதைத் தட்டி எழுப்ப ஊசியா?" என்று ஒரு நோயாளி கேட்டால், அது அறியாமையின் கேள்வி ஆகாது. தன் நோயைப் புரிந்துகொண்டவரால்தான் அப்படிக் கேட்க முடியும்.

மருத்துவத்தில் தொடங்கும் இந்தக் கேள்வி அறத்தில் போய் நிற்கிறது. தானாக வந்த துன்பமும் தேடிப் போய் வாங்கிய துன்பமும் ஒன்றா? நம்ப முடியாத உடலைக் காப்பது எப்படி? அடுத்தவர் நலனுக்காகத் தன் உடலில் ஓர் அபாயத்தை ஏற்கும் கடமை நோயாளிக்கு உண்டா? தயங்குபவருக்கு உண்மை சொல்லும் கடமை யாருடையது? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடற்கரைக்கு இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல.

கையும் கூலியும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். முடக்குவாதக்காரரின் கை மிக மோசமாக இருக்கும் நேரமும் அதுதான். காலை விறைப்பு என்று மருத்துவர்கள் சொல்வது, எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் விரல் மடங்காமல் நிற்பது. கூடையைத் தூக்க வேண்டும், ஐஸில் கையை விட்டு மீனை அள்ள வேண்டும், அருவாமனையில் உட்கார்ந்து ஆய்ந்து கொடுக்க வேண்டும். அந்தக் கை பத்து நாள் வீங்கிக் கிடந்தால் பத்து நாள் வருமானம் போகும். ஊசி போட்ட பிறகு மூட்டு வீங்கும் வாய்ப்பு சிறியது என்று மருத்துவர் சொல்லும்போது, அந்தச் சிறியதன் எடை எல்லா வீட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது சில நாள் வலி. நாள் கூலிக்காரருக்கு அது அடுப்பு.

மருந்துச் சீட்டும் இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள்தான். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். மாத்திரை நாள் எது என்று சீட்டில் வட்டமிட்டுக் கொடுப்பார்கள். அதைத் தவறுதலாகத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். ஒரு மாத்திரையின் நாள் மாறினாலே இவ்வளவு நேரும் என்று பழகியவர், புதிதாக எது உடலுக்குள் போனாலும் இரண்டு தடவை கேட்கத்தான் செய்வார். அந்த எச்சரிக்கையை அவருக்குக் கற்றுக் கொடுத்ததே மருத்துவம்தான்.

மறுபக்கமும் உண்டு. எதிர்ப்பு மண்டலம் அடக்கப்பட்டவருக்கு நிமோனியா, இன்ஃப்ளூயன்சா, அக்கி போன்ற தொற்றுகள் எளிதில் வரும், வந்தால் கடுமையாகும். லூபஸ் நோயாளிகளின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தொற்று. 2020 மே மாதம் சென்னையின் மண்டலங்களில் ராயபுரத்தில்தான் கொரோனா மிக அதிகமாக இருந்தது. அதே மாதங்களில் லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் அன்றாட மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை கொரோனாவுக்கு மருந்தென்று ஊரே தேட, உண்மையில் தேவைப்பட்டவர்களுக்கு அது கிடைக்காமல் போனது. மறு ஆண்டு ஊசி வந்தபோது நோயாளிகள் முழு நம்பிக்கையோடு காத்திருக்கவில்லை என்றால், அதற்கு இந்த அனுபவமும் காரணம்.

அம்மையும் பொய்யும்

இந்த மண்ணில் தடுப்பூசித் தயக்கம் அம்மையோடு தொடங்குகிறது. பெரியம்மையைத் தமிழர்கள் நோய் என்று சொல்லவில்லை. "அம்மா வந்திருக்கா" என்றார்கள். கொப்புளம் முத்து எனப்பட்டது. வாசலில் வேப்பிலை, உடம்பில் மஞ்சள், முத்து இறங்கியதும் தலைக்கு ஊற்றுதல் என்று ஒரு வழிபாட்டு ஒழுங்கே இருந்தது. ஆடி மாதத்தில் வடசென்னைத் தெருக்களில் ஊற்றும் கூழில் அந்த நினைவு இன்றும் இருக்கிறது. 1802இல் பெரியம்மையைத் தடுக்கும் பசு அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்தபோது பலருக்குக் கேள்வி இதுதான்: தாயாக வந்தவளை ஊசி குத்தி விரட்டலாமா?

சென்னையில் பணியாற்றிய, திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ், இதற்கு ஒரு வழி கண்டார். பசுவின் வழி வந்த இந்தப் பாதுகாப்பு தன் அருளே என்று சக்தி தன்வந்திரிக்குச் சொல்வதாகத் தமிழில் ஓர் உரையாடலை இயற்றினார். பழைய சாஸ்திரத்தின் சாயலில் எழுதப்பட்ட அது, மக்களைக் காக்கும் நல்லெண்ணத்தில் பிறந்த பொய். பெரியம்மையிலிருந்து ஒரு குழந்தையையாவது அது காப்பாற்றியிருந்தால் அந்தப் பொய் அறமாகுமா?

தீமை பயக்காத பொய்க்கு வள்ளுவரிடமும் இடம் உண்டு. ஆனால் குற்றமற்ற நன்மை தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். தடுப்பூசி விஷயத்தில் அந்த நிபந்தனை நிறைவேறுவது கடினம். பொய்யால் பெற்ற சம்மதம் பொய் வெளிப்படும் நாளில் திரும்பப் பெறப்படும். அன்று அந்த ஊசி மட்டுமல்ல, அடுத்து வரும் எல்லா ஊசியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். "ஊசியால் எதுவுமே ஆகாது" என்று இன்று முகாமில் சொல்வதும் எல்லிஸின் உரையாடலுக்கு நெருங்கிய உறவுதான். அதைக் கேட்டுப் போட்டுக்கொண்டவருக்கு மறுநாள் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால், அவர் இழப்பது ஒரு நாள் தூக்கத்தை மட்டும் அல்ல.

சந்தேகத்தைச் சோதித்த மண்

சந்தேகத்தை அடக்காமல் சோதித்துப் பார்த்த வரலாறும் இங்கே உண்டு. காசநோய்க்கான பிசிஜி ஊசியை நாடெங்கும் போடத் தொடங்கியபோது அதை வெளிப்படையாக எதிர்த்தவர் ராஜாஜி. 1955இல் தன் காரணங்களைச் சிறு நூலாகவே வெளியிட்டார். அவர் வாதங்கள் எல்லாம் சரியல்ல. ஆனால் ஊசி உண்மையில் பயன் தருகிறதா என்ற கேள்விக்கு அன்று இந்தியாவில் உறுதியான விடை இல்லை.

விடை தேடி 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், எண்ணூருக்கு மேற்கே சிறு தூரத்தில், உலகின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இடம்பெற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அங்கே பிசிஜி தடுக்கவில்லை என்பதே முடிவு. அந்த முடிவு மறைக்கப்படவில்லை, உலகுக்கே அறிவிக்கப்பட்டது. குழந்தைகளின் மூளைக் காசத்திலிருந்தும் உடலெங்கும் பரவும் காசத்திலிருந்தும் அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்ததால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. ஓர் ஊசி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று பிரித்துச் சொல்லும் நேர்மைதான் அறிவியலை நம்பத் தகுந்ததாக்குகிறது. தயக்கம் கேள்வியாக இருக்கும்வரை அது அறிவின் எதிரி ஆகாது. விடை கிடைத்த பிறகும் கேட்க மறுக்கும்போதுதான் எதிரியாகிறது.

பனம்பழமும் காகமும்

கொரோனா ஊசி இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. அதற்கு இரண்டு நாள் முன்பு மத்திய சுகாதார அமைச்சகம், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஊசி போடத் தடையில்லை, பலன் மட்டும் குறையலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. சில நாட்களில் கோவேக்சின் நிறுவனம் வெளியிட்ட தகவல் தாளோ, எதிர்ப்பு மண்டலத்தைப் பாதிக்கும் மருந்து உட்கொள்பவர்கள் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஒருவர் இரண்டையும் படித்தால் எதை நம்புவார்? தயக்கம் அவர் மனத்தில் முளைப்பதற்கு முன்பே காகிதத்தில் அச்சாகிவிட்டது.

அந்த ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசியின் மீது மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் பொதுவில் போட்டுக்கொண்டார். 16ஆம் தேதி மாரடைப்பு. 17ஆம் தேதி மரணம். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு பின்னர் முடிவு சொன்னது. ஆனால் தமிழ்நாட்டின் வீடுகளில் அந்த மூன்று நாட்களே ஒரு வாதமாகிவிட்டன.

இந்த வாதத்தின் பிழையை நம் மரபு நெடுங்காலமாக அறியும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது பழமொழி. தர்க்க நூலோர் அதைக் காகதாலீய நியாயம் என்பர். முன்னால் நடந்தது என்பதால் மட்டும் ஒன்று காரணமாகிவிடாது. காகம் உட்காராத மரங்களில் எத்தனை பழம் விழுந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தன்னுடல் தாக்கு நோயில் இந்தப் பிழை இன்னும் எளிதில் நேரும். இந்த நோய்கள் ஊசி இல்லாமலும் அடங்குவதும் கிளம்புவதுமாக இருப்பவை. ஊசிக்கு அடுத்த வாரம் மூட்டு வீங்கினால், அது ஊசியாலா, குளிராலா, விட்டுப்போன மாத்திரையாலா என்று தனி ஒருவரால் சொல்ல முடியாது. பல ஆயிரம் பேரை எண்ணினால்தான் தெரியும்.

எண்ணியும் பார்த்தார்கள். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் பதிவேட்டில் 30 நாடுகளைச் சேர்ந்த 5,121 பேரின் விவரம் தொகுக்கப்பட்டது. அழற்சி வாதநோய் உள்ளவர்களில் ஊசிக்குப் பிறகு நோய் கிளம்பியதாகப் பதிவானது 4.4 சதவீதம்; கடுமையாகக் கிளம்பியது 0.6 சதவீதம். ஊசி இல்லாமலே கிளம்பியிருக்கக்கூடியவையும் இந்தக் கணக்குக்குள் உண்டு. நூற்றில் ஒருவருக்கும் குறைவானவருக்குத்தான் பெருந்தொல்லை என்பது ஆறுதலான உண்மை. அந்த ஒருவர் இல்லவே இல்லை என்பது பொய்.

உடலின் காவல்

"எதிர்ப்பு சக்தி" என்ற சொல்லே பாதித் தயக்கத்துக்குக் காரணம். கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும் ஒரே தீ போல அது பேச்சில் புழங்குகிறது. துறைமுக வாசலை எண்ணிப் பார்த்தால் விளங்கும். தடுப்பூசி, காவலாளிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதில்லை. தேடப்படும் ஒருவரின் படத்தை அவர்கள் கையில் கொடுக்கிறது. படம் வந்த ஓரிரு நாள் வாசலில் பரபரப்பு இருக்கும். காய்ச்சலும் கைவலியும் அதுதான். பிறகு அந்த ஒருவர் வந்தால் மட்டும் பிடிப்பார்கள். முடக்குவாதத்தில் காவல் தவறுவது சொந்த ஊழியரையே திருடன் என்று எண்ணுவதால். புதிதாக ஒரு படம் தருவது அந்தப் பழைய தவறைப் பொதுவாகப் பெருக்குவதில்லை.

எல்லா ஊசியும் ஒன்றல்ல. கொல்லப்பட்ட கிருமியையோ அதன் துண்டையோ கொண்ட ஊசிகள் எதிர்ப்பு மண்டலம் அடக்கப்பட்டவருக்கும் பாதுகாப்பானவை: இன்ஃப்ளூயன்சா, நிமோகாக்கஸ், மஞ்சள் காமாலை பி ஊசிகள் இந்த வகை. உயிருள்ள, வலுக்குறைந்த கிருமியைக் கொண்டவை வேறு. இதற்கு ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்குச் செல்லும் கப்பல் ஊழியர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்றிதழ் அட்டை வாங்க வேண்டும். சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம் அந்த ஊசியைப் போடும் இடங்களில் ஒன்று. அது உயிருள்ள கிருமி ஊசி. அடக்கு மருந்தில் இருப்பவருக்கு அதைப் போடலாகாது. மருத்துவக் காரணத்தால் விலக்கு என்று சான்று தரவே உலகச் சுகாதார விதிகளில் இடம் உண்டு. அங்கே தயங்கும் கடலோடி தவறு செய்யவில்லை, தன் உயிரைக் காக்கிறார். ஓர் ஊசிக்குச் சரியான தயக்கம் இன்னொன்றுக்குப் பிழையாகும். அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "எல்லாம் நல்லது" என்பதும் "எல்லாம் ஆபத்து" என்பதும் ஒரே அளவு தவறு.

மருந்தை எப்போது நிறுத்துவது என்பதற்கும் விடை தேடப்பட்டது. மெத்தோட்ரெக்சேட்டைக் கொரோனா ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் நிறுத்தினால் எதிர்ப்பொருள் கூடுவதை பிரிட்டனிலும் கொச்சியிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. நிறுத்தினால் நோய் கிளம்பும் வாய்ப்பும் சற்றுக் கூடும் என்பதையும் அவையே சொல்லின. கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நம் நாட்டு நோயாளிகளை வைத்து நடந்த கொச்சி ஆய்வில், இரண்டாம் டோஸுக்குப் பிறகு மட்டும் நிறுத்துவதே போதும் என்று தெரிந்தது. எனவே நிறுத்துவதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். தானாக நிறுத்துவது ஆபத்து.

ஊழும் முயற்சியும்

"தானா வந்தா விதி, நாமா போட்டு வந்தா நம்ம தப்பு" என்ற பேச்சில் ஆழ்ந்த அறவுணர்வு ஒன்று இருக்கிறது. செய்ததால் வந்த தீங்கு, செய்யாமல் விட்டதால் வந்த தீங்கைவிடக் கனமாகத் தோன்றுவது மனித இயல்பு. ஆனால் செய்யாமையும் ஒரு தேர்வுதான். புயல் எச்சரிக்கை கேட்ட பிறகும் கட்டுமரத்தை இழுத்துக் கட்டாதவர், அலை கொண்டுபோனதை விதி என்று சொல்ல முடியாது. திருக்குறள் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பேசிவிட்டு 62ஆம் அதிகாரத்தில் சோர்வில்லாத முயற்சியைப் பேசுகிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்ததில் ஒரு படிப்பினை உண்டு: முடிவு நம் கையில் இல்லாமல் போகலாம், முயற்சி நம் கையில் உள்ளது.

உடலைப் பற்றியும் இந்த மரபில் இரு குரல்கள் உண்டு. திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கிய பட்டினத்தார், நிலையாத இந்த உடலின் மேல் பற்று வைக்காதே என்றவர். திருமூலரோ உடலை முதலில் இழிவென்று எண்ணியிருந்து, உள்ளே இறைவன் இருப்பதை அறிந்தபின் அதைப் பேணிக் காத்ததாகச் சொல்பவர். தன் உடலே தன்னைத் தாக்கும் நோயாளிக்கு முதல் குரல் பழக்கமானது. உடல் நம்பத் தகாதது என்பதை அவர் தினமும் விடியலில் உணர்கிறார். அவருக்குத் தேவைப்படுவது இரண்டாம் குரல். நம்பத் தகாததையும் காக்கலாம், காக்க வேண்டும்.

பிற சமயங்களும் இதைச் சிந்தித்துள்ளன. கோவிஷீல்டு தயாரிப்பில் பல பத்தாண்டுகளுக்கு முன் கலைக்கப்பட்ட கருவிலிருந்து வந்த செல் வகை பயன்பட்டதால் கத்தோலிக்கர்களுக்கு மனச்சான்றின் கேள்வி எழுந்தது. வேறு ஊசி கிடைக்காதபோது அதைப் போட்டுக்கொள்வது அறத்துக்கு மாறானது அல்ல என்று 2020 டிசம்பரில் வத்திக்கான் விளக்கியது. ஊசி விருப்பத்தின் பேரில்தான் இருக்க வேண்டும், மறுப்பவர் பிறருக்குத் தொற்றைக் கடத்தாமல் இருக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. ஹஜ் செல்லும் முஸ்லிம்கள் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டே புறப்படுகிறார்கள். தன்னையும் உடன் வருபவரையும் காப்பது பயணத்தின் ஒரு பகுதியாகவே ஏற்கப்பட்டுள்ளது.

யார் யாருக்குக் கடன்பட்டவர்

2021 நவம்பரில் தமிழ்நாடு, பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வருவதைக் கட்டுப்படுத்தியது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியது, யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு உள்ள அதிகாரத்தையும் அது ஏற்றது; பக்கவிளைவுகளின் விவரம் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. உரிமையும் உண்மையும் ஒரே தீர்ப்பில் சேர்ந்து நிற்கின்றன. உண்மை தெரியாதவரின் சம்மதம் சம்மதமாகாது.

வடசென்னைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அனல்மின் சாம்பல், சுத்திகரிப்பு ஆலைப் புகை, 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் மக்களை வீட்டைவிட்டு ஓட வைத்த அம்மோனியா கசிவு என்று, இங்குள்ள மக்களின் உடல் மேல் சம்மதம் கேட்காமல் ஏற்றப்பட்ட அபாயங்கள் பல. அப்படிப்பட்டவர்கள் ஊசியைக் கண்டதும் "யாருக்காக?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு மரியாதையோடு பதில் வேண்டும்.

யாருக்காக என்ற கேள்விக்கு நேர்மையான பதில், முதலில் நோயாளிக்காகவே என்பதுதான். அடக்கு மருந்தில் உள்ளவருக்கு ஊசி முழுப் பலன் தராமல் போகலாம். ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து எடுத்தவருக்கு எதிர்ப்பொருளே உருவாகாமல் போகலாம். எனவே அறத்தின் பாரத்தை நோயாளி மேல் மட்டும் வைப்பது அநியாயம். அவரோடு ஒரே அறையில் படுக்கும் கணவன், பள்ளிக்குப் போய்வரும் பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் என்று நலமாக இருப்பவர்கள் ஊசி போட்டுக்கொள்வதுதான் அவருக்கு உண்மையான அரண். திருவொற்றியூர் இறைவனை நெஞ்சுருகப் பாடிய வள்ளலார், பிற உயிரின் துன்பம் கண்டு இரங்குவதையே வழிபாடு என்று போதித்தார். அந்த இரக்கம் இங்கே வேறொரு வடிவில் வேண்டும்: நோயில்லாதவர் நீட்டும் கை.

மருந்து என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என நான்கும் சேர்ந்தது என்பது வள்ளுவர் கொடுத்த வரையறை. தடுப்பூசியும் அப்படியே. நோயாளி கேட்க வேண்டும். மருத்துவர் எந்த ஊசி தகும், எது தகாது, என்ன தொல்லை வரலாம் என்று மறைக்காமல் சொல்லி, அடக்கு மருந்து தொடங்கும் முன்பே போட வேண்டியவற்றைப் போட வேண்டும். மருந்து கிடைக்கச் செய்வது அரசின் பங்கு: தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள நிமோனியா ஊசியை இந்த நோயாளிகளுக்கு அரசு இலவசமாகத் தர வேண்டும். காசில்லாமையைத் தயக்கம் என்று எழுதி வைப்பது நியாயமல்ல. உடனிருப்பவர் தாமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இந்த நால்வரில் மூவர் தம் கடனைச் செய்யாதவரை, நான்காமவரின் தயக்கத்தைக் குற்றம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.